காட்டு ரோஜா: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பிரித்தானியாவில் ஜூன் மாதம் கிராமத்துச் சாலையோர வேலிகளில் வெளிர் ரோஸ் நிறத்தில், ஐந்தே இதழோடு பூத்துத் தள்ளும் டாக் ரோஸைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இலையுதிர் காலத்தில் அதே செடியில் சிவப்பாகத் தொங்கும் காய்தான் 'ரோஸ்ஹிப்' என்ற பெயரில் டீ, பொடி, எண்ணெய் என்று கடைக்கு வருகிறது. இந்தச் செடியை வாங்குவது, நடுவது, காய் பறிப்பது, காய்ப் பொருட்களை வாங்குவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். சட்டம் பற்றி நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சில விஷயங்கள் மாறும்.

கேள்வி: பின்தோட்டத்து மரவேலி காற்றில் சாய்ந்துவிட்டது. 5 மீட்டர் நீளம். பழையபடி பலகை அடிக்காமல் டாக் ரோஸால் உயிர்வேலி போடலாம் என்று நினைக்கிறோம். தோட்டக் கடையில் தொட்டியில் வைத்திருக்கும் செடி ஒன்று 14 பவுண்டு. இணையத்தில் மண்ணே இல்லாமல் வேரோடு வருவது இரண்டு பவுண்டுக்கும் குறைவு. 20 செடி வேண்டும். மலிவானதை நம்பலாமா? (ஹாரோ வாசகி)

நம்பலாம். சொல்லப்போனால் வேலிக்கு அதுதான் சரியான சரக்கு. 'பேர் ரூட்' என்று விற்கும் இந்தச் செடிகளை, இலை உதிர்ந்து தூங்கும் காலத்தில் வயலிலிருந்து தோண்டி, வேரை ஈரமாகச் சுற்றி அனுப்புவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரைதான் இந்த வியாபாரம். தொட்டிச் செடிக்கு நீங்கள் கொடுக்கும் 14 பவுண்டில் தொட்டி, உரமண், கோடை முழுக்க ஊற்றிய தண்ணீர், கடை வாடகை எல்லாம் சேர்ந்திருக்கிறது. அந்தக் காசுக்குக் கிடைக்கும் வசதி ஒன்றுதான்: வருடத்தில் எந்த மாதமும் நடலாம். டிசம்பரில் நடப் போகிறவருக்கு அந்த வசதியால் பயனில்லை.

உயரத்துக்கும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 40 முதல் 60 செ.மீ. வரையுள்ள கன்று போதும். பெரிய செடி புது மண்ணில் வேர் பிடிக்கத் திணறிக்கொண்டிருக்கும்போது சிறியது பல நேரம் அதை எட்டிப் பிடித்துவிடும். நடும்போது வேரில் தூவ என்று ஒரு பூஞ்சைப் பொடியையும் கூடவே விற்பார்கள். காட்டு ரோஜா அது இல்லாமலே வளரும்.

ஆனால் உங்களுக்கு 20 டாக் ரோஸ் தேவையில்லை, மூன்று போதும். இது நிமிர்ந்து நின்று அடர்ந்து வளரும் செடி இல்லை. வில்லாக வளைந்து, கொக்கி முள்ளால் பக்கத்துச் செடியைப் பிடித்து ஏறி, மூன்று மீட்டர் தாண்டியும் போகும். தனியாக நட்டால் அடியில் ஓட்டையும் மேலே முள்புதருமாக நிற்கும். ஊரில் கிளுவை வேலி கண்டவர்களுக்குத் தெரியும், வேலி என்றால் அடியிலிருந்தே அடைப்பு வேண்டும். அந்த வேலையை இங்கே செய்வது ஹாதார்ன், பிளாக்தார்ன், ஹேசல், ஃபீல்ட் மேப்பிள் போன்றவை. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நடுவே ரோஜா இருந்தால் அவற்றின் மேல் சாய்ந்து பூத்துக்கொள்ளும். மீட்டருக்கு ஐந்து செடி, இரண்டு வரிசையாக, நேருக்கு நேர் வராமல் மாற்றி மாற்றி நடுங்கள். 5 மீட்டருக்கு 25 கன்று ஆகும். எல்லாம் சேர்த்தே தோட்டக் கடையின் நான்கைந்து தொட்டிச் செடி விலைக்குள் முடியும்.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிடும். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை பக்கத்து வீட்டு அடுப்படி உங்களுக்கும் உங்கள் அடுப்படி அவர்களுக்கும் தெரியும். மறைவுதான் முக்கியம் என்றால் இந்த வேலி உங்களுக்கானதில்லை.

கேள்வி: பேர் ரூட் செடி 30 வாங்கினேன். வந்தது காய்ந்த குச்சி மாதிரி இருக்கிறது. விற்றவரிடம் கேட்டால், "கூரியர் தாமதம், எங்கள் பொறுப்பில்லை, அதோடு உயிருள்ள பொருளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை" என்கிறார். (லெஸ்டர் வாசகர்)

முதலில் குச்சி செத்ததா என்று பாருங்கள். தூங்கும் செடி எல்லாமே குச்சியாகத்தான் இருக்கும். தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் ஈரமாகப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலிருந்து கீழாக மூன்று இடத்தில் பாருங்கள், ஏனென்றால் நுனி காய்ந்து அடி உயிரோடிருப்பது சகஜம். வேரை வளைத்துப் பார்த்தால் வளைய வேண்டும். படக்கென்று ஒடிந்தால், உடைந்த இடம் பழுப்பாக இருந்தால், வழியிலேயே காய்ந்துவிட்டது. உயிர் இருப்பதை ஒன்றிரண்டு மணி நேரம் வாளித் தண்ணீரில் வேர் மூழ்க வைத்து, அன்றே நடுங்கள். நட நேரமில்லை என்றால் தோட்டத்து மூலையில் ஒரு பள்ளம் தோண்டி, கட்டோடு சாய்த்து வைத்து வேரை மண்ணால் மூடுங்கள். சில வாரம் தாங்கும்.

செத்திருந்தால், அவர் சொன்ன இரண்டுமே எடுபடாது. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் உங்கள் கைக்கு வரும்வரை பொறுப்பு விற்றவருடையது. கூரியரை ஏற்பாடு செய்தவர் அவர், அந்தச் சண்டையும் அவருடையது. உயிருள்ள பொருள் என்பதாலும் சட்டம் விலகிக்கொள்ளாது. மனசு மாறித் திருப்பி அனுப்ப இணைய வியாபாரத்தில் 14 நாள் தருகிறார்களே, சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்குக்கு அந்தச் சலுகை இல்லை. அதைத்தான் அவர் எல்லாவற்றுக்கும் போர்த்தப் பார்க்கிறார். குறையுள்ள பொருளை மறுத்துப் பணத்தைக் கேட்கும் உரிமை வேறு. அதற்குப் பொதுவாக 30 நாள் உண்டு. ஆனால் செடி விஷயத்தில் 29-ஆம் நாள்வரை காத்திருக்காதீர்கள். காக்க வைத்து நீங்களே கொன்றுவிட்டீர்கள் என்று சொல்ல இடம் கொடுக்கும்.

பெட்டி, முகவரிச் சீட்டு, வேர், சுரண்டிய தண்டு எல்லாவற்றையும் வந்த அன்றே படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். பதில் வராவிட்டால், கார்டில் கொடுத்த பணத்தை மீட்டுத் தர உங்கள் வங்கியிடம் 'சார்ஜ்பேக்' கேளுங்கள்.

கேள்வி: 'நேட்டிவ் ஹெட்ஜ் கலவை' என்று ஒரு கட்டு வாங்கி நட்டேன். ரோஜா என்று வந்ததில் இலை சுருக்கம் சுருக்கமாக இருக்கிறது, காய் செர்ரித் தக்காளி அளவு. நண்பர் ஒருவர் இது ஆபத்தான செடி, அபராதம் போடுவார்கள் என்கிறார். (மில்டன் கீன்ஸ் வாசகர்)

நண்பர் பாதி சரி. உங்களிடம் இருப்பது ரோசா ருகோசா. சீனா, கொரியா, ஜப்பான் கடற்கரைப் பக்கத்துச் செடி. அழகானது, மணமானது, காய் பெரியது, கையாள எளிது. பிரச்சினை என்னவென்றால் கடலோர மணல்மேடுகளில் பரவி, அங்கே வளர வேண்டியவற்றை மூடிவிடுகிறது. அதனால் 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின் 9-ஆவது பட்டியலில் இருக்கிறது. தோட்டத்தில் வைத்திருப்பது குற்றமில்லை. அதைக் காட்டில், வெளியிடத்தில் நடுவதும் பரவச் செய்வதும்தான் குற்றம். வெட்டிய வேர்த்துண்டைப் பூங்கா ஓரத்தில் கொட்டாமல் இருந்தால் போதும்.

ஆனால் இதை 'நேட்டிவ்' என்று விற்றது தவறு. விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்பதும் அதே 2015 சட்டம்தான். பணத்தையோ மாற்றுச் செடியையோ தாராளமாகக் கேளுங்கள்.

இனி வாங்குபவர்கள் கடைக்காரர் வைத்த பெயரைப் பார்க்காமல் லத்தீன் பெயரைப் பாருங்கள். டாக் ரோஸ் என்றால் ரோசா கனைனா. வெள்ளையாகப் பூத்துத் தரையோரம் படர்வது ரோசா ஆர்வென்சிஸ். இலையைக் கசக்கினால் ஆப்பிள் வாசம் வருவது ரோசா ரூபிஜினோசா, ஆங்கிலேயர் ஸ்வீட் பிரையர் என்பார்கள். மழை விட்ட மாலையில் கசக்காமலே மணக்கும். இடம் சின்னது, ஒரே செடிதான் என்றால் நான் இதைத்தான் வாங்குவேன். கருப்புக் காய் காய்ப்பது ரோசா ஸ்பினோசிசிமா. நான்குமே இந்நாட்டுச் செடிகள்.

இணையத்தில் வாங்கும் செடியோடு 'பிளான்ட் பாஸ்போர்ட்' என்ற சிறு சீட்டு வர வேண்டும். ஏ என்ற எழுத்துக்கு எதிரே தாவரப் பெயர், டி என்பதற்கு எதிரே நாட்டின் குறியீடு இருக்கும். 'பிரிட்டிஷ் செடி' என்று விளம்பரம் செய்துவிட்டு அங்கே நெதர்லாந்துக் குறியீடு இருந்தால் கேள்வி கேட்கலாம். விதையே இந்த நாட்டில் எடுத்தது என்ற உறுதி வேண்டுமானால், உட்லண்ட் டிரஸ்ட் என்ற மரப் பாதுகாப்பு அறக்கட்டளை நடத்தும் யு.கே.ஐ.எஸ்.ஜி. சான்று உள்ள நாற்றங்காலைத் தேடுங்கள்.

கேள்வி: காட்டு ரோஜா விதை ஒரு பாக்கெட் வாங்கி மார்ச்சில் போட்டேன். ஆகஸ்ட் ஆகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. போலியா? (க்ராய்டன் வாசகி)

அவசரப்படாதீர்கள். டாக் ரோஸ் விதையின் ஓடு கெட்டி. ஒரு கோடையின் வெதுவெதுப்பும் அதற்குப் பின் ஒரு குளிர்காலமும் கடந்துதான் பல விதைகள் கண் திறக்கும். இரண்டாவது வசந்தம்வரை தொட்டியை வெளியிலேயே, எலி தொடாமல் வலை போட்டு வையுங்கள். 'சீக்கிரம் முளைக்கும்' என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால் மட்டும் அதைக் குறையாகச் சொல்லலாம்.

நீல ரோஜா, வானவில் ரோஜா என்று படம் போட்டு விற்கும் விதை வேறு கதை. அப்படி ஒரு செடியே கிடையாது; முளைத்தாலும் முளைப்பது வேறு ஏதோ. காசே செலவில்லாத வழி வேண்டுமானால், தெரிந்தவர் தோட்டத்துச் செடியிலிருந்து அக்டோபர், நவம்பரில் பென்சில் தடிமனில் ஒரு சாண் குச்சி வெட்டி, முக்கால் பங்கு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் வேர்விட்ட கன்று இருக்கும். வழியில் கண்ட செடியை மட்டும் பிடுங்கி வராதீர்கள். நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது இங்கே குற்றம்.

கேள்வி: 25 பவுண்டு கொடுத்து வாங்கிய ஆப்ரிகாட் நிற ரோஜா. மூன்றாம் வருடம் அடியிலிருந்து நீளமாக ஒரு கிளை வந்து வெள்ளையாக, ஐந்தே இதழில் பூக்கிறது. பேர்போன கடை. மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? (வெம்ப்ளி வாசகர்)

இல்லை. இங்கே விற்கும் தோட்ட ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச் செடிகள். மேலே நீங்கள் விரும்பிய ரகம், கீழே காட்டு ரோஜாவின் வேர். இப்போது அதிகம் பயன்படுவது 'லாக்சா' என்ற வகை, டாக் ரோஸுக்கு நெருங்கிய சொந்தம். அந்த வேர் தன் கிளையை விட்டிருக்கிறது. விட்டால் அது மேலே உள்ளதை அமுக்கி, சில வருடத்தில் செடி முழுக்க வெள்ளைப் பூதான் இருக்கும்.

மண்ணை விலக்கி, கிளை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஒட்டுப் போட்ட முண்டுக்குக் கீழே, வேரிலிருந்து வந்தால், கத்தரிக்காமல் கையுறை போட்டு இழுத்துக் கிழித்தெடுங்கள். கத்தரித்தால் அடியில் மிஞ்சும் கணுக்களிலிருந்து மூன்று நான்காக வரும். ஒரு காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக் கிளை, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்ற கணக்கை நம்பி வெட்டிவிடாதீர்கள். ஏழு சிற்றிலை விடும் தோட்ட ரோஜாக்களும் உண்டு.

கேள்வி: பிள்ளைகளோடு நடைப்பயணம் போகும்போது வேலியெல்லாம் ரோஸ்ஹிப் தொங்குகிறது. பறிக்கலாமா? பறித்தால் எப்படிச் சாப்பிடுவது? உள்ளே மயிர் மாதிரி இருக்கிறதே, விஷமா? (ரெடிங் வாசகி)

பறிக்கலாம். 1968-ஆம் ஆண்டு திருட்டுச் சட்டத்திலேயே இதற்கு விலக்கு இருக்கிறது: காட்டில் தானாக வளரும் பூ, பழம், இலை, காளான் ஆகியவற்றை விற்பதற்கில்லாமல் பறித்தால் அது திருட்டாகாது. ஆனால் லண்டனின் அரச பூங்காக்களைப் போலத் தனி விதி வைத்திருக்கும் இடங்களில் தடை உண்டு. ஒருவர் வீட்டுத் தோட்டத்து வேலியும் உங்களுக்குச் சேராது, கிளை நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாலும்கூட. பெருஞ்சாலை ஓரத்தைத் தவிர்த்து, செடிக்குப் பாதியாவது பறவைகளுக்கு விட்டுவிட்டுப் பறியுங்கள்.

மயிர் விஷமில்லை, ஆனால் விளையாட்டில்லை. ஒரு காயை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். வெளியே மெல்லிய சிவப்புச் சதை, உள்ளே வெளிர் மஞ்சள் விதைகள் நெருக்கியடித்து இருக்கும். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத, கண்ணாடித் தூள் போன்ற சுணை. பள்ளிப் பையன்கள் முதுகில் போட்டு அரிக்க வைப்பது இதைத்தான். தொண்டையிலும் குடலிலும் அதே அரிப்பு. ஆகவே பச்சையாகக் கடித்து விழுங்கக் கூடாது. சதையை மட்டும் நகத்தால் எடுத்துச் சுவைத்துப் பார்க்கலாம், தக்காளியும் ஆப்பிளும் கலந்த ருசி.

நிறையக் கிடைத்தால் சிரப் செய்யுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சுப் பழம் வருவது நின்றபோது, 1941 முதல் அரசாங்கமே பள்ளிப் பிள்ளைகளையும் மகளிர் சங்கங்களையும் இறக்கிக் காய் பறிக்க வைத்து, குழந்தைகளுக்கு வைட்டமின் சி கிடைக்க இந்தச் சிரப்பைத் தயாரித்தது. உணவு அமைச்சகம் அன்று வெளியிட்ட செய்முறையின் அளவு இன்றைக்கும் சரியாக வரும்.

900 கிராம் காய். 1.7 லிட்டர் தண்ணீரை முதலில் கொதிக்க விடுங்கள். காயை அதற்குப் பிறகுதான் அரைக்க வேண்டும். அரைத்தவுடன் காயில் உள்ள நொதி வைட்டமினைத் தின்னத் தொடங்கிவிடும், கொதிநீர் அந்த நொதியை அடக்கும். மிக்ஸியில் நைஸாக ஓட்டாதீர்கள், ஒன்றிரண்டாக உடைந்தால் போதும். கொதிநீரில் போட்டு, மறுபடி ஒரு கொதி வந்ததும் இறக்கி, 15 நிமிடம் விட்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பிழிந்த சக்கையில் இன்னும் 850 மி.லி. கொதிநீர் ஊற்றி, 10 நிமிடம் கழித்து மறுபடி வடிகட்டுங்கள். பிறகு துணியை நன்றாகக் கழுவியோ இரட்டை மடிப்பாகப் போட்டோ எல்லாச் சாற்றையும் இன்னொரு முறை வடிகட்டுங்கள். சுணை போவது இந்தக் கட்டத்தில்தான். வேட்டித் துணி இதற்கு நல்லது, டீ வடிகட்டி போதாது. சாற்றை 850 மி.லி. ஆகும்வரை சுண்ட வைத்து, 560 கிராம் சர்க்கரை சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, சுடச்சுட, கொதிநீரில் எடுத்த சின்னப் பாட்டில்களில் ஊற்றுங்கள். செம்பு, அலுமினியப் பாத்திரம் வேண்டாம். திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு வாரத்தில் முடித்துவிடுங்கள். தோசைக்குத் தொட்டுக்கொள்ள, தயிரில் கலக்க, சுடுதண்ணீரில் இஞ்சியோடு குடிக்க நன்றாக இருக்கும்.

பனி விழுந்த பிறகுதான் பறிக்க வேண்டும் என்று சொல்வார்கள். பனி காயை மென்மையாக்கும், அவ்வளவுதான். ஒரு ராத்திரி ஃப்ரீஸரில் வைத்தாலும் அதே வேலை நடக்கும்.

கேள்வி: ரோஸ்ஹிப் டீ பை வாங்கினேன். ரத்தச் சிவப்பாக, புளிப்பாக இருக்கிறது. வீட்டில் காயைக் காய வைத்துப் போட்டால் அந்த நிறமே வரவில்லை. என் காய் மட்டமா? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

உங்கள் காய் சரி. பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் செம்பருத்தி இருக்கும். அந்தச் சிவப்பும் புளிப்பும் செம்பருத்தி வகைப் பூவின் புல்லிவட்டம் தருவது. ரோஸ்ஹிப் மட்டும் போட்ட தண்ணீர் வெளிர் ஆரஞ்சுதான், புளிப்பும் மென்மை. இந்த நாட்டில் மூலப்பொருளை எடைப்படி அதிகத்திலிருந்து குறைவாக எழுத வேண்டும். முன்பக்கம் காட்டு ரோஜா படமும் பின்பக்கம் முதல் பெயராகச் செம்பருத்தியும் இருந்தால், நீங்கள் குடிப்பது செம்பருத்தி டீ.

காய்ந்த ரோஸ்ஹிப்பைத் தனியாக வாங்கினால் 'ஷெல்' என்றோ 'விதை நீக்கியது' என்றோ போட்டதை வாங்குங்கள். முழுக்காய் மலிவு, ஆனால் எடையில் கணிசமான பங்கு விதை. சுணையும் கூடவே வரும்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. ரோஸ்ஹிப் பொடி மாத்திரை எடுத்தால் போய்விடும் என்று முகநூல் விளம்பரம். மூன்று மாதத்துக்கு 60 பவுண்டு. வாங்கலாமா? (சவுத்ஹால் வாசகி)

அந்த விளம்பரத்தில் வாங்காதீர்கள். 'வலி போய்விடும்', 'மூட்டுவாதம் குணமாகும்' என்று உணவுத் துணைப்பொருளை விற்பவர் சொல்லவே கூடாது. அதைச் சொல்லத் துணிந்தவர் மற்றதில் ஒழுங்காக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பொடியில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். டாக் ரோஸ் காயை விதையோடு சேர்த்து அரைத்த பொடியை வைத்து மூன்று சோதனைகள் நடந்தன. மொத்தம் 287 பேர். 2008-இல் அவற்றைச் சேர்த்துப் பார்த்ததில் வலி ஓரளவு குறைந்தது. சோதனைகள் சிறியவை, சில மாதங்களே நடந்தவை, பொடி ஒரே வகையானது. அதை வைத்து எல்லாப் பாட்டிலையும் நம்ப முடியாது.

அதைவிடக் கணக்கு முக்கியம். அந்தச் சோதனைகளில் கொடுத்தது நாளைக்கு 5 கிராம் பொடி. ஒரு மாத்திரை 750 மி.கி. என்றால் நாளைக்கு ஆறேழு மாத்திரை விழுங்க வேண்டும். விளம்பரத்தில் 'தினம் இரண்டு' என்று இருந்தால் அம்மாவுக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 'எக்ஸ்ட்ராக்ட், 10,000 மி.கி.க்குச் சமம்' என்று எழுதுவது இன்னொரு தந்திரம். உள்ளே இருப்பது சில நூறு மி.கி. சாரம். சோதித்தது முழுப் பொடியை, சாரத்தை இல்லை.

சோதித்துப் பார்க்க ஆசையென்றால், கலப்பில்லாத முழுக்காய்ப் பொடியை வாங்கி மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். பலனில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதற்கு முன் ஜி.பி.யிடமோ மருந்துக்கடையில் உள்ள பார்மசிஸ்டிடமோ அம்மா எடுக்கும் மருந்துகளின் பட்டியலைக் காட்டுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர், உடம்பில் இரும்புச் சத்து தேங்கும் நோய் உள்ளவர் கேட்காமல் எடுக்கவே கூடாது. அந்த 60 பவுண்டை வைத்து யோசித்தால், முழங்காலுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் உடற்பயிற்சிக்கு இருக்கும் ஆதாரம் எந்தப் பொடிக்கும் இல்லை.

வைட்டமின் சி-க்காக என்றால் வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 40 மி.கி. போதும் என்பது இங்குள்ள கணக்கு. பக்கத்துத் தமிழ்க் கடையில் ஒரு கொய்யாப் பழம் வாங்கிக் கொடுங்கள், தாராளமாகத் தாண்டும்.

கேள்வி: ரோஸ்ஹிப் எண்ணெய் 30 மி.லி. ஒரு கடையில் 5 பவுண்டு, இன்னொன்றில் 32 பவுண்டு. 'வைட்டமின் சி நிறைந்தது' என்று விலை கூடியதில் இருக்கிறது. (ஹவுன்ஸ்லோ வாசகி)

வைட்டமின் சி தண்ணீரில் கரைவது, எண்ணெயில் கரையாது. அது இருப்பதும் சதையில், எண்ணெய் எடுப்பதோ விதையிலிருந்து. அந்த ஒரு வரியே அந்தக் கடையைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிடுகிறது.

சந்தையில் வரும் எண்ணெயில் நிறைய, சிலி நாட்டில் காடாகப் பரவிக் கிடக்கும் ஸ்வீட் பிரையர் விதையிலிருந்து வருவது. ஐரோப்பியர் கொண்டுபோன செடி அங்கே தொழிலாகிவிட்டது. நல்ல எண்ணெய் மெல்லியதாக, தங்க நிறத்திலிருந்து ஆரஞ்சுவரை இருக்கும், ரோஜா மணக்காது. மணந்தால் வாசனை சேர்த்திருக்கிறார்கள். மூலப்பொருள் வரியில் ஒரே ஒரு பெயர், 'ரோசா' என்று தொடங்குவது, இருக்க வேண்டும். 'ஹீலியாந்தஸ்' என்று ஆரம்பித்தால் அது சூரியகாந்தி எண்ணெயில் கலந்தது. இருண்ட கண்ணாடிப் பாட்டிலாக, 30 மி.லி.க்கு மேல் போகாததாக வாங்குங்கள், ஏனென்றால் இது சீக்கிரம் காறிப்போகும் எண்ணெய். திறந்த டப்பா போன்ற படத்துக்குள் 6எம் என்றிருந்தால் திறந்து ஆறு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவை எல்லாம் 5 பவுண்டு பாட்டிலில் இருந்தால் 5 பவுண்டே சரி. வறண்ட தோலுக்கு இதமாக இருக்கும். தழும்பும் கரும்புள்ளியும் மறையும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

கேள்வி: வேலியில் நட்ட டாக் ரோஸ் நாலு வருடமாகிறது. ஒழுங்காக ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட்டில் ஆள் வைத்து வெட்டுகிறோம், ஒரு தடவைக்கு 80 பவுண்டு. பூவே இல்லை. உரம் போட வேண்டுமா? (சட்டன் வாசகர்)

உரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். இது போன வருடம் வளர்ந்த கிளையில்தான் பூக்கும். அந்தக் கிளையைத்தான் நீங்கள் வருடா வருடம் காசு கொடுத்து வெட்டுகிறீர்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, காயைப் பறவைகள் தின்று முடித்த பிப்ரவரியில், வேலியில் பாதியை மட்டும் வெட்டுங்கள். மீதியை அடுத்த முறை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை உள்ளே கூடு இருக்கலாம். குருவி குடியிருக்கும் கூட்டைத் தெரிந்தே கலைப்பது குற்றம்.

கேள்வி: கிளையில் சிவப்பும் பச்சையுமாகப் பாசி உருண்டை போல ஒன்று. தோட்டக் கடையில் மருந்து அடிக்கச் சொல்லி 12 பவுண்டு பாட்டிலைக் காட்டினார்கள். (லூட்டன் வாசகி)

வாங்காதீர்கள். ஒரு சின்னக் குளவி முட்டையிட்டதால் செடி கட்டிய முடிச்சு அது. 'ராபின்ஸ் பின்குஷன்' என்பார்கள். செடிக்குக் கெடுதல் இல்லை, மருந்தும் உள்ளே போகாது. அப்படியே விடுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் அப்பாவுக்குத் தோட்டம் என்றால் உயிர். அடுத்த மாதம் போகும்போது பெட்டியில் இரண்டு டாக் ரோஸ் கன்று கொண்டுபோகலாமா? குல்கந்து போட ஆசைப்படுகிறார். (கிங்ஸ்டன் வாசகர்)

முடியாது. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் செடியை இந்தியாவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். கொண்டுபோனாலும் உறைபனிக் குளிர் இல்லாத கோவையில் அது பூக்குமென்று நம்பிச் செலவு செய்ய வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமான வெள்ளைக் காட்டு ரோஜா ஒன்று, ரோசா லெஷெனோல்டியானா, நீலகிரியிலும் பழனி மலையிலும் ஏறிப் படர்கிறது, அதுவும் மலைக்குளிரில்தான்.

குல்கந்துக்கு டாக் ரோஸ் ஆகவும் ஆகாது. ஒரு பூவுக்கு ஐந்து மெல்லிய இதழ், லேசான வாசம், வருடத்தில் இரண்டு மூன்று வாரம்தான் பூக்கும். அப்பாவுக்குப் பக்கத்து நர்சரியில் பன்னீர் ரோஜா இரண்டு கன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பூவுக்கு மருந்து அடிக்காமல் வளர்த்தால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.